நான்கு மாதக் கெடுவையும் சேர்த்துப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அதிகாரப் பகிர்வு பற்றிப் பேச்செழும்போது பின்லாந்தின் தன்னாட்சிப் பகுதியான ஓலந்துத் தீவுகளை உதாரணம் காட்டுகிறோம். தனிக் கொடி, தனித் தபால் முத்திரை, சுவீடிஷ் மொழி என்று அடுக்கிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். அங்கே ஒரு சட்டம் எந்த வழியாகப் போய் அமுலுக்கு வருகிறது என்பதைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

1922 முதல் மரியஹாம்ன் நகரில் கூடும் ஓலந்துச் சட்டசபைக்கு லாக்திங் என்று பெயர். 30 உறுப்பினர்கள், நான்காண்டுக்கு ஒரு தேர்தல். கல்வி, சுகாதாரம், காவல்துறை, உள்ளூராட்சி எல்லாம் அதன் கையில். வெளியுறவு, நீதிமன்றங்கள், சுங்கம் ஆகியவை ஹெல்சிங்கியிலுள்ள மத்திய அரசிடம்.

லாக்திங் நிறைவேற்றிய சட்டம் பின்லாந்து நீதி அமைச்சுக்குப் போகிறது. அது அங்கே கிடைத்த நாளிலிருந்து நான்கு மாதக் கெடு ஓடத் தொடங்கும். முதலில் ஓலந்துக் குழு அதை ஆராய்கிறது. குழுவில் பின்லாந்து அரசு நியமித்தவர் இருவர், லாக்திங் தேர்ந்தவர் இருவர், ஒரு தலைவர். சட்டத்தைத் தடுப்பதென்றால் ஜனாதிபதி உயர்நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். தடுக்கக் காரணங்களும் இரண்டே: சபை தன் அதிகார எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். சட்டம் நல்லதா கெட்டதா என்ற அபிப்பிராயத்துக்கு அங்கே இடமில்லை.

சிக்கல் பெரும்பாலும் எல்லைக்கோட்டில்தான். ஒரு சட்டத்தின் ஓரிரு பிரிவுகள் மத்திய அரசின் துறைக்குள் நுழைந்துவிடும். அப்போது அவற்றை மட்டும் நீக்கலாம். மிச்சத்தை அமுலாக்க லாக்திங் முன்கூட்டியே அனுமதி தந்திருந்தால், ஓலந்து அரசு அப்படியே செய்யலாம்.

மாகாண சபைகளை உருவாக்கிய நமது இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாகாண சபை நிறைவேற்றும் சட்டமான நியதிச்சட்டத்தை ஆளுநர் மீளாய்வுக்குத் திருப்பி அனுப்ப 'இயன்றளவு விரைவில்' என்றுதான் இருக்கிறது, நாட்கணக்கு இல்லை. என்ன காரணத்துக்குத் திருப்பலாம் என்ற வரையறையும் இல்லை.

இன்னொன்று. ஓலந்தின் 1991ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தைப் பின்லாந்து நாடாளுமன்றம் தனியே திருத்த முடியாது. லாக்திங்கிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழ வேண்டும். ஓலந்தை மேடையில் சொல்கிறவர்கள் கெடுவும் காரண வரையறையும் கொண்ட தடுப்பு முறை, சபையின் சம்மதமின்றித் திருத்த முடியாமை என்ற இந்த இரண்டு ஏற்பாடுகளையும் தங்கள் கோரிக்கையில் எழுத்தில் சேர்க்க வேண்டும்.

வாசகர்,
யாழ்ப்பாணம்