கல்பாக்கத்தின் அவசரகால மின்சாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுமின் நிலையங்களின் பாதுகாப்பு பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, வெளி மின்சாரம் நின்றுபோனாலும் டீசல் ஜெனரேட்டர்கள் பல இருப்பதால் கவலை வேண்டாம் என்ற பொருளில் முடிந்திருந்தது. மணலியில் ஒரு தொழிற்சாலையின் மின் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. எத்தனை ஜெனரேட்டர்கள் இருந்தாலும், அவை அனைத்தும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் நின்றுவிடக் கூடுமா என்று கேட்காதவரை அந்த எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை.

அணு உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது உலையின் முழு வெப்பத் திறனில் ஆறேழு சதவீதம். ஒரு நாள் கழிந்த பின்னும் ஏறத்தாழ அரை சதவீதம். கூடங்குளத்தில் உள்ளது போன்ற, 1000 மெகாவாட் மின்சாரத்துக்காகச் சுமார் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாக்கும் உலையில் அந்த அரை சதவீதமே சுமார் 15 மெகாவாட் வெப்பம். அதை ஓயாமல் வெளியேற்ற வேண்டும். பெரும்பாலான உலைகளில் அதற்குப் பம்புகள் ஓட வேண்டும், பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வெளி மின் இணைப்பைத் துண்டித்தவுடன் டீசல் ஜெனரேட்டர்கள் முறைப்படி ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுப் பிறகு வந்த கடல் அலை, கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்களையும் சுவிட்ச் போர்டுகளையும் பேட்டரிகளில் பலவற்றையும் சேர்த்தே மூழ்கடித்தது. 13 ஜெனரேட்டர்களில் தொடர்ந்து மின்சாரம் தந்தது ஒன்றே ஒன்று. ஆறாவது உலைக்கு உரிய அது, கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிர்விக்கப்படுவது, மேட்டிலும் இருந்தது. ஐந்தாவது, ஆறாவது உலைகளை அதுவே காப்பாற்றியது.

இப்படி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோவது நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலையில் டர்பைன் தகடு முறிந்து, ஹைட்ரஜன் தீப்பற்றி, கேபிள்கள் எரிந்தன. ஒன்றுக்கொன்று மாற்றாக அமைக்கப்பட்ட மின் வழிகளின் கேபிள்கள் தனித்தனியே பிரிக்கப்படாமல் ஒரே பாதையில் சென்றதால், எல்லாம் ஒன்றாகப் போயின. சுமார் 17 மணி நேரம் நிலையத்துக்கு மின்சாரமே இல்லை. அங்கிருந்த பணியாளர்கள் டார்ச் வெளிச்சத்தில் வால்வுகளைக் கையால் திறந்தும், தீயணைப்புக்கான டீசல் பம்புகளைக் கொண்டு நீர் செலுத்தியும் உலையைக் காத்தார்கள். அவர்களுக்கு இந்த நாடு உரிய நன்றியைச் செலுத்தியதாக நான் நினைக்கவில்லை.

வெள்ளமோ தீயோ இல்லாமலும் இது நேரலாம். சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் 2006 ஜூலையில், நிலையத்தை வெளி மின்கம்பிகளோடு இணைக்கும் ஸ்விட்ச்யார்டில் ஏற்பட்ட கோளாறால் எழுந்த மிகை மின்னழுத்தம், மின்தடையின்போது பேட்டரியிலிருந்து இடைவிடாமல் மின்சாரம் தர வேண்டிய நான்கு யுபிஎஸ் தொகுதிகளில் இரண்டை முடக்கியது. அவற்றைச் சார்ந்த இரண்டு ஜெனரேட்டர்கள் ஓடியும் லோடை ஏற்க முடியவில்லை. தென்கொரியாவின் கோரி நிலையத்தில் 2012 பிப்ரவரியில் 12 நிமிடங்கள் முழு மின்தடை ஏற்பட்டதை, அதன் பொறுப்பாளர்கள் ஒரு மாதம் மறைத்து வைத்திருந்தார்கள்.

கல்பாக்கத்தில் 2004 ஆழிப்பேரலையின்போது பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்தும், இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. பாராட்டத்தக்க செயல்தான். ஆயினும் அன்று வெளி மின்சாரம் துண்டிக்கப்படவில்லை; ஆகவே அதை அவசரகால மின்சாரம் தேர்ச்சி பெற்ற நாளாகக் கொள்ள முடியாது. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு வெளியிலிருந்து நீர் செலுத்தும் இணைப்புகள் போன்ற ஏற்பாடுகள் நம் நிலையங்களில் செய்யப்பட்டன. வெளியிலிருந்து உதவி வர வேண்டுமென்றால் சாலை திறந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களுக்கு, தேங்கிய நீரைக் கடந்து ஒரு கேன் டீசல் கொண்டுவருவது எத்தகைய பாடு என்பது தெரியும்.

ஜெனரேட்டரைக் கையாண்டவர்கள் அறிந்த இன்னொன்றும் உண்டு. லோடு இல்லாமல் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவது சோதனை ஆகாது. ஸ்டார்ட் ஆகும் இயந்திரம் முழு லோடில் நின்றுவிடலாம். தொட்டியில் நெடுநாள் கிடந்த டீசலின் கசடு ஃபில்டரை அடைக்கலாம். ஸ்டார்ட்டிங் பேட்டரி ஒன்று வலுவிழந்தாலே எல்லாம் வீண்.

எனவே கல்பாக்கத்தில் ஜெனரேட்டர்களும் சுவிட்ச் போர்டுகளும் பேட்டரி அறைகளும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன, முழு லோடில் எத்தனை மணி நேரம் சோதிக்கப்படுகின்றன, சோதனையில் எத்தனை முறை தவறின, கையிருப்பு டீசல் எத்தனை நாளுக்கு வரும் என்பவற்றை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். இக்கேள்விகளை வாரியத்திடம் நேரடியாக எழுப்பி, கிடைக்கும் பதிலைத் தங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பணியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.