கல்லாவில் மிஞ்சியதைக் கேளுங்கள்

பணப் பரிமாற்றச் செயலிகளையும் இணையவழிக் கடன்களையும் நடத்தும் நிறுவனத்தாருக்கும், அவர்களை மேற்பார்வை செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவள். இருபது ஆண்டுகளாக அடுத்தவர் பேரேட்டைப் பார்த்தே கண் மங்கிவிட்டது. உங்கள் ஆண்டறிக்கைகளையும் படிக்கிறேன். எத்தனை வணிகர்கள் சேர்ந்தார்கள், எத்தனை கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன என்பதெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அப்படிச் சேர்ந்தவரின் கையில் மாதக் கடைசியில் முன்பைவிடக் கூடுதலாக ஏதும் மிஞ்சியதா என்பதை மட்டும், நான் தேடிய வரையில், காணவில்லை.

செயலியை ஏற்ற தொழில்கள் நன்றாக நடக்கின்றன, ஆகவே செயலிதான் அவற்றை வளர்த்தது என்கிறீர்கள். ஒழுங்காகக் கணக்கு வைப்பவரும், ஏற்கெனவே வாடிக்கை பெருகியவரும்தான் புதிய கருவியை முதலில் கையில் எடுக்கிறார்கள். அவர்களைக் காட்டி உங்கள் கருவியைப் புகழ்வது, சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பதற்கு ஒப்பு.

கருவியால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. உகாண்டாவில் பொருளியலாளர் எம்மா ரைலி ஓர் ஆய்வு நடத்தினார். சுமார் 3,000 பெண்களுக்குச் சிறுகடன் தரப்பட்டது. சிலருக்கு வழக்கம்போல் ரொக்கமாக, சிலருக்குக் கைப்பேசியில் தனிக் கணக்கு தொடங்கி அதில். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, கைப்பேசிக் கணக்கில் பெற்றவர்களின் தொழில் லாபம் ரொக்கமாகப் பெற்றவர்களுடையதைவிட 15 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மாறியது பணம் வந்து சேர்ந்த இடம் மட்டுமே. ரொக்கம் வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டார் கண்ணில் படும், கைமாற்றுக் கேட்பார்கள், மறுக்க முடியாது. கைப்பேசிக்குள் இருந்த பணம் தொழிலுக்கே போனது. எது, யாருக்கு, எதனால் உதவியது என்று இப்படிப் பிரித்துக் காட்டும் அளவீட்டைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

இப்போது என் பேரேட்டுக்கு வருகிறேன். நூறுக்கு விற்றால் பத்து மிஞ்சும் தொழிலில், நூறுக்கு இரண்டு என்ற உங்கள் கட்டணம் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது. உங்கள் விளம்பரத்தில் அது வெறும் இரண்டு விழுக்காடு. பணம் எப்போது கைக்கு வருகிறது என்பது இன்னொரு தொல்லை. வாங்கியவரின் கணக்கில் நொடியில் கழிந்துவிடும் தொகை, விற்றவரின் கணக்குக்கு வர ஓரிரு நாள் ஆகிறது. நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளிப்போகும். இன்று விற்ற காசில் நாளை சரக்கு எடுப்பவர் அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவார்? அன்றே வேண்டுமென்றால் அதற்கும் தனிக் கட்டணம் கேட்கிறீர்கள். இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல. பிரேசிலின் மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய பிக்ஸ் என்ற பணப் பரிமாற்ற முறை, இரவானாலும் விடுமுறையானாலும் சில நொடிகளில் பணத்தைச் சேர்த்துவிடுகிறது.

அந்த இடைவெளியில்தான் உங்கள் கடன் நுழைகிறது. அடமானம் இல்லை, அலைச்சல் இல்லை, விற்பனைப் பதிவே சாட்சி. வங்கி வாசலில் பலமுறை திரும்பியவருக்கு அது பெரிய விஷயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டி என்ற சொல்லையே தவிர்த்து, ‘100 வாங்கி 120 கட்டுங்கள்’ என்று எழுதுகிறீர்களே, அதில்தான் சூது. அந்த 120 ஆறு மாதத்துக்குள் அன்றாட விற்பனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கப்படுகிறது. அசல் நாளுக்கு நாள் குறைவதால், முழு 100 அவர் கையில் ஒரு நாள்கூடச் சரியாக இருப்பதில்லை. ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டுப் பாருங்கள், எழுபது விழுக்காட்டைத் தாண்டும். கடன் வாங்கியவரோ இருபது விழுக்காடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கணக்குப் போட்டுக் காட்டியபோது ஒருவர் என்மேல் கோபப்பட்டார், உங்கள்மேல் அல்ல.

மேற்பார்வையாளர்களுக்கு ஒன்று. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் சரிந்தது. கணக்கில் காட்டிய 190 கோடி யூரோ இல்லை என்று தெரிந்தது. உடனே பிரிட்டனில் அதன் துணை நிறுவனம் நிறுத்திவைக்கப்பட, அதை நம்பி இயங்கிய செயலிகளின் வாடிக்கையாளர்கள் சில நாட்கள் தங்கள் பணத்தைத் தொட முடியவில்லை. வயர்கார்ட் என்ற பெயரையே அவர்களில் பலர் அப்போதுதான் கேள்விப்பட்டிருப்பார்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்கும் ஒருமுறை கணக்கு முடங்கியது, காரணம் சொல்லப்படவில்லை. பதினோரு நாள் இயந்திரக் குரலோடு மன்றாடினார். திரும்ப வந்தபோது பணம் சரியாக இருந்தது. கூலி கிடைக்காத இரண்டு ஆட்கள் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள்.

ஆகவே கேட்கிறேன். கடன் சீட்டின் முதல் வரியில் ஆண்டு வட்டியை எழுதுங்கள். கணக்கை முடக்கினால் ஒரு நாளுக்குள் ஒரு மனிதர் பேச வேண்டும் என்று விதியுங்கள். விற்பனைப் பதிவு விற்றவருடையது, அதை அவர் வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல வழி செய்யுங்கள். அடுத்த ஆண்டறிக்கையில், சேர்ந்தவர்களில் சில நூறு பேரையாவது சேராத அதே அளவுத் தொழில்களோடு ஒப்பிட்டு, இரு பக்கத்து நிகர லாபத்தையும் அச்சிடுங்கள். கணக்குச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன், கூலி கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒருத்தி