ஸ்கேனரும் ஒரு கம்பாசிட்டர்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அச்சு, ஸ்கேன், புள்ளிவிவர வரைபடம் ஆகியவற்றில் வந்த கண்டுபிடிப்புகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையில், இரண்டாவது முறை தொழில் பழக்கத்தில். ஈய எழுத்துக் காலத்தில் புரூஃப் பார்க்க, அதாவது அச்சுப் பிழை திருத்தச் சேர்ந்தவள் நான். ஆஃப்செட் வந்ததையும் பார்த்தேன். கடைசியில் பழைய கணக்கேடுகளை ஸ்கேன் செய்யும் அறையில் சரிபார்ப்பு வேலை செய்து ஓய்வு பெற்றேன். கூட்டன்பர்க், செராக்ஸ் நகல் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன், லேசர் பிரிண்டர் என்று கட்டுரை போன போக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்துவிட்டால் அசல் அப்படியே கிடைத்துவிடும், இனிப் பிழைக்கு இடமில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்ததே, அதைப் படித்ததும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

கார்ல்சனிலிருந்தே தொடங்குகிறேன். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், ஓட்டோ கோர்னெய் என்ற உதவியாளரோடு அவர் எடுத்த முதல் நகலில் இருந்தது அந்தத் தேதியும் இடத்தின் பெயரும்தான். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார்கள். எழுத்து எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் வடிந்துவிட்டது, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கியது. மேலே பொடியைத் தூவியபோது அது நிழலில் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிறகு மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். அவ்வளவுதான். இதைச் சந்தைக்குக் கொண்டுவர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. செராக்ஸ் 914 என்ற நகல் இயந்திரம் 1959-இல்தான் வந்தது.

இந்த முறையில் யாரும் எதையும் படிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது 6 என்றோ 8 என்றோ தகட்டுக்குத் தெரியாது. நகலுக்கு நகல் எடுத்தால் எழுத்து மங்கும், கறை கூடும். ஆனால் மங்கிய எண்ணைப் பார்த்தவர் 'இது தெரியவில்லையே' என்று சொல்லிவிடுவார். புரூஃப் அறையில் எங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு சொல்தான். சந்தேகம் வந்துவிட்டால் அசலை எடுத்துப் பார்த்துவிடலாம்.

ரஸ்ஸல் கிர்ஷ் 1957-இல் அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் தன் குழந்தையின் புகைப்படத்தை ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றியபோதும் இதே நேர்மை இருந்தது. அகலத்தில் 176 புள்ளி, உயரத்தில் 176. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை. படம் கரடுமுரடாக இருந்தது, அது கரடுமுரடு என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

சிக்கல் இடப் பற்றாக்குறையில் தொடங்கியது. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் வரும். ஓர் அலமாரி நிறைய ஏடுகள் என்றால் கணக்கு எங்கேயோ போய்விடும். அதனால் சுருக்கும் முறைகள் பல வந்தன. அவற்றில் ஒன்று 2000-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட ஜேபிக்-2 (JBIG2). அதில் ஒரு வழி இப்படி வேலை செய்கிறது: பக்கத்திலுள்ள எழுத்து வடிவங்களைத் தனித்தனியாக வெட்டி எடுக்கும்; ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை மட்டும் சேமித்துக்கொள்ளும்; மற்ற இடங்களில் 'இங்கே அதையே போடு' என்று குறித்துக்கொள்ளும்.

இதை முதன்முதலில் ஓர் இளம் பொறியாளர் எனக்கு விளக்கியபோது சிரித்துவிட்டேன். இதைத்தானே நாங்கள் அச்சுக்கூடத்தில் செய்துகொண்டிருந்தோம்! ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டர் முன்னால் எழுத்துப் பெட்டி இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. தேவைப்பட்டதை எடுத்து வரிசையில் அடுக்குவார். அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறைக்குள் திரும்பப் போட வேண்டும். அவசரத்தில் 6-இன் அறைக்குள் ஓர் 8 விழுந்துவிட்டால், அடுத்த வேலையில் அது 6 ஆகவே நடமாடும். உடைந்த எழுத்தாகவோ மங்கிய எழுத்தாகவோ இருக்காது. அழகாக, முழுசாக, தவறாக இருக்கும். புரூஃப் பார்ப்பவர்களின் பெரிய எதிரி அதுதான். அழுக்கு எழுத்தைக் கண் பிடித்துவிடும், நல்ல எழுத்தைக் கண் நம்பிவிடும்.

ஆக, இந்த வகை ஸ்கேன் நாம் நினைப்பதுபோலப் புகைப்படம் இல்லை. தாளைப் பார்த்து இயந்திரம் தானாக எழுத்துப் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டு, பக்கத்தை மறுபடியும் கோத்துத் தருகிறது. கோத்தது யாராக இருந்தாலும் புரூஃப் பார்க்க வேண்டும். ஆனால் ஸ்கேன் என்றதும் அந்த வேலையை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தின் ஸ்கேனில் ஒரு வினோதத்தைப் பார்த்தார். மூன்று அறைகள், மூன்றும் வெவ்வேறு அளவு. ஸ்கேனில் மூன்றுக்கும் 14.13 சதுர மீட்டர் என்றே இருந்தது. அசலில் ஓர் அறை 21.11, இன்னொன்று 17.42. எண்கள் பளிச்சென்று, கட்டத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. வேறொரு செலவுப் பட்டியலில் அங்கங்கே 6 என்பது 8 ஆகியிருந்தது. ஜேபிக்-2 வழியில் சுருக்கிய அந்த இயந்திரத்தைச் செய்தது கார்ல்சனின் கண்டுபிடிப்பால் பெயர் பெற்ற அதே செராக்ஸ் நிறுவனம் என்பதுதான் வேடிக்கை. அவர்கள் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டார்கள். 2015-இல் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ஆவணக் காப்புக்கு ஜேபிக்-2 வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நியாயத்துக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும்: அதே தரத்தில் எதையும் இழக்காமல் சுருக்கும் வழியும் உண்டு. 'ஏறத்தாழ ஒன்றுதானே' என்று இயந்திரமே முடிவெடுக்கும் வழியில்தான் வினை.

எங்கள் ஸ்கேன் அறையில் என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி அடிக்கடி கேட்பாள்: "அக்கா, திரையில இவ்வளவு பளிச்சுன்னு இருக்கே, எதுக்குத் திரும்பத் திரும்ப ஏட்டைத் தூக்குறீங்க?" பளிச்சென்று இருந்ததால்தான் தூக்கினேன். நாற்பது ஐம்பது ஆண்டு ஈரம் பட்ட ஏட்டில் எல்லா எண்ணும் ஒரே மாதிரி தெளிவாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. கணக்கேட்டில் ஒரு வசதி உண்டு, அடியில் கூட்டுத்தொகை இருக்கும். பத்தியைக் கூட்டிப் பார்ப்பேன். கூட்டல் இடித்தால் அசலுக்குப் போவேன். பழைய கணக்கர் எழுதிவைத்த அந்த ஒரு வரி, எங்கள் மென்பொருள் தந்த எந்தச் சான்றையும் விடப் பயன்பட்டது.

எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் பற்றியும் கட்டுரை புகழ்ந்திருந்தது. புகழட்டும், தகுதி உண்டு. 1976-இல் ரே கர்ஸ்வைல் பார்வையற்றவர்களுக்காகக் கொண்டுவந்த வாசிப்பு இயந்திரம், அச்சிட்ட பக்கத்தை ஸ்கேன் செய்து உரக்கப் படித்துக் காட்டியது. அதைப் பெரிய காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் '99 சதவீதத் துல்லியம்' என்று விளம்பரம் வந்தால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 2000 எழுத்து என்றால் 20 பிழை. நான் புரூஃப் பார்த்த பக்கத்தில் 20 பிழை இருந்திருந்தால் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். அதோடு, சொல்லில் விழுந்த பிழையை அகராதியை வைத்துத் திருத்திவிடலாம். எண்ணுக்கு ஏது அகராதி? 1863-உம் சரியான எண்தான், 1883-உம் சரியான எண்தான். இப்போது வரும் புதிய மென்பொருள்கள் சிதைந்த வரியில் 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று ஊகித்து நிரப்பியும் தருகின்றன. வாக்கியம் தடையில்லாமல் ஓடும், ஊகித்த இடம் எது என்று சொல்லாது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. கடையில் பொருளின் பட்டைக்கோட்டை ஸ்கேனர் படிக்கவில்லை என்றால் சத்தம் வராது. எடுத்தவர் திருப்பிக் காட்டுவார். அதன் எண் வரிசையில் கடைசி எண் ஒரு காவல்காரன். முன்னால் உள்ள எண்களை மாறி மாறி 1, 3 என்று பெருக்கிக் கூட்டி அதைக் கணக்கிடுகிறார்கள். இடையில் ஏதாவது ஓர் எண் மாறினாலும், 6 போய் 8 வந்தாலும், கணக்கு இடிக்கும். புத்தகத்தின் 13 இலக்க அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னிலும் இதே ஏற்பாடுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இயந்திரத்தை 1970-களிலேயே கடைகளில் வைத்துவிட்டார்கள். நில ஆவணத்துக்கும் மருத்துவக் குறிப்புக்கும் அந்த மரியாதை ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

அப்புறம் வரைபடங்கள். பட்டை வரைபடம் பிறந்த கதையைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட வணிக, அரசியல் வரைபடத் தொகுப்பில் பெரும்பாலும் கோட்டு வரைபடங்கள்தான், ஆண்டு வாரியாக ஏற்ற இறக்கம் காட்டுபவை. ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவரிடம் ஒரே ஓர் ஆண்டின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குத்தான் இருந்தது. ஒரே ஆண்டை வைத்துக் கோடு இழுக்க முடியாதே. அதனால் நாடு வாரியாகப் பட்டைகளாகப் போட்டார். மற்றவற்றைப் போல இது அத்தனை பயன் தராது, காலத்தைக் காட்டவில்லை என்று அவரே எழுதினார். இன்று உலகமே புழங்கும் பட்டை வரைபடம் கையில் தகவல் இல்லாததால் வந்தது, வரைந்தவர் அதை மறைக்கவும் இல்லை.

அதே கட்டுரையோடு தாங்கள் அச்சிட்ட வரைபடத்தில் பட்டைகள் பூஜ்யத்தில் தொடங்கவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லாப் பத்திரிகையும் செய்வதுதான். ஆனால் 50, 52 என்ற இரண்டு எண்களை 48-இலிருந்து தொடங்கிப் பட்டை போட்டால் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு உயரம் நிற்கும். உண்மை வித்தியாசம் நூற்றுக்கு நான்கு. கோட்டு வரைபடத்தில் பூஜ்யம் இல்லாவிட்டால் மன்னித்துவிடலாம், அங்கே கண் சாய்வைத்தான் பார்க்கிறது. பட்டையில் கண் நீளத்தை அளக்கிறது. பட்டைக்குப் பதில் அச்சு இயந்திரத்தின் படத்தையே சின்னதும் பெரிதுமாகப் போட்டிருந்த இன்னொரு வரைபடம் அதைவிட மோசம். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் கூடவே வளர்கிறது, பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. ஜேபிக்-2 செய்த அதே வேலை இங்கேயும் நடக்கிறது: எண் மாறிவிட்டது, பார்வைக்கு எந்தக் கறையும் இல்லை.

தங்கள் பத்திரிகையின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து வாசகர்களுக்குத் தரப்போவதாக அதே இணைப்பில் ஓர் அறிவிப்பும் பார்த்தேன். மகிழ்ச்சி. அதைச் செய்பவர்களிடம் சில வார்த்தை சொல்லிவையுங்கள். பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக வெளுக்காமல் சாம்பல் நிழலோடு, இழப்பில்லாத சுருக்கத்தில் ஒரு பிரதி காத்துவையுங்கள். வாசகருக்குத் தரும் சின்னக் கோப்பு வேறாக இருக்கட்டும். ஓசிஆர் தந்த எழுத்தைப் பக்கத்தின் படத்தோடு சேர்த்தே காட்டுங்கள், படத்துக்குப் பதிலாகக் காட்ட வேண்டாம். சந்தை விலை, தேர்தல் முடிவு, மழையளவு போன்ற எண் பட்டியல்களை மட்டுமாவது இருவர் உட்கார்ந்து, ஒருவர் எண் எண்ணாக உரக்கப் படிக்க மற்றவர் அசலைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், மெதுவாகத்தான் நடக்கும். அசல் இதழ்களைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வரைபடம் போடும்போது அது எந்த எண்ணில் தொடங்குகிறது என்று கீழே ஒரு வரி சேர்த்து, எண்களையும் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள். கூட்டிப் பார்க்க என்னைப் போல் இன்னும் சிலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
புரூஃப் பார்த்து ஓய்வு பெற்ற தங்கள் வாசகி