வாய் திறக்கவில்லையா, மெடிக்கலுக்குப் போகாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் உறைபனி விழ ஆரம்பித்தால் தொண்டை வலி இல்லாத வீடே இருக்காது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காக எழுதவில்லை. டான்சிலை ஒட்டிச் சீழ் கட்டிக்கொள்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். காது மூக்கு தொண்டைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை ஒரு பட்டை தீர்ந்திருந்தது. 'உள்நாக்கு விழுந்துவிட்டது' என்று பக்கத்து வீட்டுப் பாட்டி மிளகும் உப்பும் தொட்டுத் தூக்கியும் விட்டாராம். எங்களிடம் வந்தபோது வாயில் ஒரு விரல் நுழைய இடமில்லை. எச்சில் விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தால் வலது பக்கம் புடைத்து, உள்நாக்கை இடப்பக்கம் தள்ளியிருந்தது. டாக்டர் மரப்பு மருந்து அடித்து, ஊசியால் சீழை உறிஞ்சினார். சிரிஞ்சில் மஞ்சளாகக் கெட்டியாக ஏறியது. அறையெல்லாம் நாற்றம். கொஞ்ச நேரத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்!

சிலருக்கு ஊசி போதாது, சின்னதாகக் கீறி வடிக்க வேண்டிவரும். கூடவே ஆன்டிபயாடிக், வலி மருந்து, சாப்பிட முடியாதவர்களுக்கு டிரிப்ஸ். வீக்கம் குறைய ஸ்டீராய்டு போடுகிற டாக்டர்களும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் பெரும்பாலும் செய்வார்கள். டான்சிலையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்தே பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை. எல்லோருக்கும் அது தேவைப்படாது. அடிக்கடி டான்சில் தொல்லை உள்ளவர்களுக்கும், மறுபடி சீழ் கட்டியவர்களுக்கும்தான் அந்தப் பேச்சு வரும். அதுவும் பெரும்பாலும் புண் ஆறிச் சில வாரம் கழித்து.

அப்படியே விட்டால் சீழ் கழுத்துக்குள் இறங்கலாம், மூச்சையும் அடைக்கலாம். அப்புறம் 108தான். மூடுபனி ராத்திரியில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற பாடு இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கடுமையான வலி, வாய் திறக்கவில்லை, எச்சில் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போகும்படி அவர்கள் சொல்லிவிட்டுப் போகலாமே. சுகர் உள்ளவர்களிடம் இரண்டு தடவையாகச் சொல்லட்டும். மாவட்ட சுகாதார அதிகாரிகள் இந்தப் பனிக்காலத்திலேயே இதற்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோத்தகிரி.