ஆச்சி வீட்டுத் தகர டப்பா

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு நல்லெண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டு ஒழுங்காக நட. உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். "டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்தால் கிராமத்தில் வீடு வீடாகப் போகச் சொல்கிறார்களாம், சென்சஸ் எடுக்கவா சேர்ந்தான்" என்று கேட்டிருந்தாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நம் காலத்தில் டாக்டர் படிப்பு என்றால் மதுரை, இல்லாவிட்டால் தஞ்சாவூர். 2012-இல் சிவகங்கையிலும் 2017-இல் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரி வந்துவிட்டது. இப்போது முதல் வருஷத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் உடல்நலத்தைக் கவனித்துவர மூன்று முதல் ஐந்து குடும்பங்களை ஒப்படைக்கிறார்கள். குடும்பத் தத்தெடுப்பு என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டு எங்கள் டீக்கடையில் சிரிப்பு: "யாரு யாரைத் தத்தெடுக்குறது?"

எங்கள் பக்கத்து ஊருக்கும் ஒரு மாணவர் கூட்டம் வந்தது. ரிட்டையர் ஆன மருந்தாளுநர், ஊர் தெரிந்தவன் என்று வழிகாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் வருஷப் பெண் ஒருத்திக்கு வந்த வீடுகளில் ஒன்று தெற்குத் தெருப் பெரிய வீடு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெரு நீளம். இருப்பது ஆச்சி ஒருத்தி மட்டும். பிள்ளைகள் மலேசியாவில்.

அந்தப் பெண் படிவத்தை விரித்தாள். "பாட்டி, வீட்டில் எத்தனை அறை?"

"ஆச்சின்னு சொல்லு. அறையை யாரு எண்ணுனா?"

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"நானும் பல்லியும்."

நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, ஆத்தங்குடிக் கல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆச்சியின் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எல்லாத்தையும் காட்டுங்க ஆச்சி" என்றாள். பழைய பிஸ்கட் டப்பா ஒன்று வந்தது. அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைகள், பாதி கிழிந்தவை, மகன் அனுப்பியவை, இங்கே வாங்கியவை. ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருப்பதை வாசித்தாள். இரண்டு அட்டைகளுக்கு வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். உள்ளே இருந்தது ஒரே ரத்த அழுத்த மருந்து: அம்லோடிபின் 5 மில்லிகிராம். ஆச்சி காலையில் ஒன்று, இரவில் ஒன்று போட்டிருக்கிறார். அந்த மருந்து அளவு கூடினால் கால் வீங்கும். வீக்கத்துக்கு என்று வேறொரு இடத்தில் நீர் மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரை, கொடுத்திருக்கிறார்கள். அதுவும் சேர்ந்ததும் எழுந்து நின்றால் தலைசுற்றல். அந்த உயரமான நிலைப்படிகளில் ஒரு நாள் விழுந்திருந்தால் கேட்க ஆளில்லை.

"நானே நிறுத்தச் சொல்லக் கூடாது தாத்தா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வாசலில் போய் நின்று அவளுடைய பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

எனக்கு மாப்பிள்ளை, அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் கவுண்டரில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன். அந்த வீட்டு வாசல் வழியாக எத்தனை தடவை போயிருப்பேன்! பெரிய வீட்டுக்காரர்களுக்கு என்ன குறை என்று யாரும் ஏறுவதில்லை, நானும் ஏறியதில்லை. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-லேயே வந்துவிட்டது. பின்தெருக் குடிசைக்கெல்லாம் போகிறார்கள். தேக்குக் கதவு போட்ட வீட்டை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம்.

இதையெல்லாம் பேரனிடம் சொல். இன்னொன்றும் சொல். படிப்பு முடிந்து பயிற்சி மருத்துவராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது, கழுவாத புதுக் கண்ணாடிக் குழாய் இரண்டு கைவசம் வைத்துக்கொள்ளட்டும், பிளாஸ்டிக் உதவாது. பாம்பு கடித்தவரின் ரத்தம் 2 மில்லி எடுத்து, ஆட்டாமல் 20 நிமிஷம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம். ஆனால் கட்டுவிரியனுக்கு இது காட்டாது, பெயரில் விரியன் இருந்தாலும் அதன் விஷம் நரம்பைத் தாக்குவது. தரையில் படுத்தவரைத் தூக்கத்தில் கடித்துவிட்டுப் போகும், பல் பட்ட இடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார், இமை தூக்க முடியாமல் தொங்கும். இமையைப் பார்க்காமல் வாயுத் தொல்லைக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

ஆச்சிக்கு இப்போது ஒரே ஒரு அட்டைதான். வீக்கம் வடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தபோது கந்தரப்பம் சுட்டு வைத்திருந்தார். இனிப்பைப் பற்றி அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், "மொதல்ல சாப்பிடு, அப்புறம் திட்டு" என்று வாயை அடைத்துவிட்டார்.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். பல்லவனில் வந்தால் சொல், ஸ்டேஷனுக்கு வருகிறேன். உன் மாத்திரை டப்பாவையும் மறக்காமல் எடுத்து வா, அட்டையை எல்லாம் கிழிக்காமல்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்