கசப்பு பழகிய கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்கு சொல்லப்போவதில்லை. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற பகுதியை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

கடைசியில், "நீயா பீர் குடிக்கிறாய்? யாரோ கதை கட்டுகிறார்கள்" என்று எழுதியிருந்தாய். நம்பாமலிருக்க உனக்கு முழு உரிமை உண்டு. விடுதி மொட்டைமாடியில் ஆறு பேர் ஒரே பாட்டிலைக் கைமாற்றிய இரவுக்கு நீதானே சாட்சி! என் முறை வந்தது, ஒரு மடக்கு வாயில் விட்டேன், விழுங்கவும் முடியவில்லை, உங்கள் முன்னால் துப்பவும் வெட்கம். "இதைக் காசு கொடுத்து வேறு வாங்குகிறீர்களா?" என்று நான் கேட்டதை என் கல்யாணம் வரைக்கும் சொல்லிச் சிரித்தவன் நீ. அப்புறம் முப்பத்தைந்து வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. விருந்தில் யாராவது நீட்டினால் வாங்கி, நுரை அடங்கும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, ஆள் பார்க்காத நேரத்தில் செடிக்கு ஊற்றிவிடுவேன். எத்தனை செடி பாழானதோ தெரியாது.

இதை மாற்றியவள் மூத்தவள். வேலைக்காக ஜெர்மனி போனவள், முதல் விடுமுறைக்கு வரும்போது துணிகளுக்கு நடுவே சுருட்டி ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். அப்பனும் மகளும் உட்கார்ந்து பீர் குடிப்பதா என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. "குடிக்க வேண்டாம்பா, மோந்து மட்டும் பாருங்க" என்றாள். உயரமான கிளாஸில் ஊற்றி, கடைசியில் இரண்டு விரல் அளவு மிச்சம் வைத்து, பாட்டிலைச் சுழற்றி, அடியில் தங்கியிருந்த மண்டியையும் சேர்த்துக் கவிழ்த்தாள். கலங்கலாக இருந்தது. மோந்தேன். வாழைப்பழம்! அதற்குப் பின்னால் கிராம்பு. பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை என்றாள். பவேரியாவின் கோதுமை பீர் அது, வைஸ்பியர் என்று பெயர். அந்த வகை ஈஸ்ட், நொதிக்கும்போதே வாழைப்பழத்தில் இருக்கிற அதே மணப்பொருளை உண்டாக்கிவிடுகிறது. கசப்பு பெரிதாகத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தோம், குனிந்து பார்த்தால் கிளாஸ் காலி.

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். இத்தனை வருடம் நான் பிடிக்காது என்று சொல்லிவந்தது பீரையா, அந்த ஒரு பாட்டிலையா?

அந்தப் பாட்டிலைக்கூட நாம் கொடுமைப்படுத்தியிருக்கிறோம் என்று இப்போது தெரிகிறது. பனிக்கட்டியில் புதைத்து வைத்தோம். அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசம் மேலே எழும்பாது. பாட்டில் வாயிலிருந்தே குடித்ததால் மூக்குக்கு வேலையே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு காபி குடித்துப் பார், மிஞ்சுவது கசப்பும் சூடும்தான். அன்று நமக்கு மிஞ்சியது கசப்பும் குளிரும். இப்போது லாகர், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கவிட்ட வகை என்றால் ஐந்தாறு டிகிரி குளிரில் எடுக்கிறேன். ஏல் என்பது சற்று வெதுவெதுப்பில் நொதிப்பது; அதில் கறுப்பு, கனமான வகைகளை வெளியே எடுத்துவைத்து, பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வரும்வரை காத்திருக்கிறேன். கிளாஸில் இரண்டு விரற்கடை நுரை நிற்க வேண்டும். நுரை வருவதை ஏமாற்று வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வாசத்தைத் தூக்கிக்கொண்டு வருவதே அதுதான்.

கசப்பைப் பற்றியும் ஒன்று படித்தேன். நாக்கில் இனிப்பை உணர ஒரே வகை ஏற்பிதான். கசப்பை உணர ஏறக்குறைய 25 வகை. காட்டில் விஷத்தைக் கண்டுபிடிக்க உடம்பு வைத்த காவல்காரர்கள் அவர்கள். ஆக, முதல் மடக்கில் முகம் சுளித்தது என் தப்பில்லை, காவல்காரன் தன் கடமையைச் செய்தான். அவன் பழகப் பழகத்தான் வழிவிடுவான். சிறுவயதில் காபியை வெறுத்து, பிறகு அது இல்லாமல் பொழுது விடியாது என்று ஆனதும் இதே வழியில்தானே?

சென்ற வருடம் இலையுதிர்காலத்தில் மகளோடு மூன்று வாரம் சுற்றினேன். கோயில் குளம் பார்க்கிற மாதிரி நான் பீர் ஊர்களாகப் பார்த்தேன், அவள் சலித்துக்கொள்ளாமல் கூடவே வந்தாள்.

செக் நாட்டின் பில்சனில் கேட்ட கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1838-இல் அந்த ஊர் பீர் அவ்வளவு மோசமாக இருந்ததாம். 36 பீப்பாய்களை நகரமன்றத்துக்கு முன்னால் உருட்டிவந்து தெருவில் கொட்டிவிட்டார்கள். அத்தோடு நிற்காமல் ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு பீர் ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் கிரோல் என்ற ஆளை வரவழைத்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சிய முதல் பீர் பொன்னிறத்தில், தெளிவாக வந்து நின்றது. இன்று உலகத்தில் எந்த மூலையிலும் கிடைக்கிற மஞ்சள் லாகர்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தான். நம் விடுதிப் பாட்டிலும்கூட, தூரத்து உறவு.

நிலத்தடி அறையில் மரப்பீப்பாயிலிருந்து, வடிகட்டாத பீரை நேராகப் பிடித்துக் கொடுத்தார்கள். நண்பா, அது கசந்தது. நன்றாகவே கசந்தது. ஆனால் அந்தக் கசப்புக்கு முன்னால் ரொட்டி சுடும் வாசமும் லேசான தித்திப்பும் வந்தன, பின்னால் புல்வெளியில் மழை பெய்த மாதிரி ஒரு பச்சை மணம். கசப்பு இல்லையென்றால் அந்தத் தித்திப்பு இரண்டாவது மடக்கிலேயே திகட்டியிருக்கும். கசப்பு எதற்கு என்று எனக்கு முதல்முதலாகப் புரிந்த இடம் அந்தக் குளிர்ந்த நிலவறை.

ஏன் அந்த ஊரில் மட்டும் அப்படி வந்தது என்று கேட்டால் தண்ணீரைக் காட்டுகிறார்கள். பில்சன் தண்ணீரில் கரைந்த உப்புகள் மிகமிகக் குறைவு. அதனால் கசப்பு உறுத்தாமல் மெதுவாக இறங்குகிறது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் மிகுதி, அது ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ) கசப்பைக் கூர்மையாக்கும். இந்தியாவுக்குக் கப்பலேறிய பேல் ஏலுக்கு, அதாவது வெளிர்நிற ஏலுக்கு, அந்த ஊர் பெயர் வாங்கியது அப்படித்தான். அயர்லாந்தின் டப்ளின் தண்ணீர் சுண்ணாம்புச் சத்தும் காரத்தன்மையும் உள்ளது. வெளிர்நிற பீருக்கு லாயக்கில்லை, ஆனால் கருக வறுத்த தானியத்தின் அமிலம் அந்தக் காரத்தைச் சமன் செய்துவிடும். அதனால் அங்கே கறுப்பு பீர். இன்றைக்கு எந்த ஊர்த் தண்ணீரையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் கிணறு சொன்னதை மனிதன் கேட்டான்.

ஜெர்மனியின் பாம்பெர்கில் புகை பீர். மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, பீச் மரவிறகின் புகையில் உலர்த்துகிறார்கள். முதல் மடக்கில் யாரோ அடுப்பை ஊதி, புகையை என் வாய்க்குள் அனுப்பிய மாதிரி இருந்தது. அவர்களுக்கும் இது தெரியும் போல. முதல் மடக்கு விநோதமாக இருந்தாலும் நிறுத்தாதே என்ற பொருளில் கிளாஸ் வைக்கும் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நான் நிறுத்தவில்லை, ஆனால் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தாகிவிட்டது, அவ்வளவுதான். மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கொலோனில் ஒரு வேடிக்கை. அங்கே ஊர் பீரை 200 மில்லி பிடிக்கிற ஒல்லிக் கிளாஸில் தருகிறார்கள். காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகிறார் பரிமாறுகிறவர். போதும் என்றால் அட்டையைக் கிளாஸ் மேல் மூடிவைக்க வேண்டும். இது தெரியாமல் மரியாதைக்கு ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தேன். நான்காவது கோட்டில்தான் மகள் கைகழுவிவிட்டு வந்து காப்பாற்றினாள்.

எல்லாவற்றையும்விட மனதில் நிற்பது பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ். அங்கே லாம்பிக் என்று ஒரு பீர், அதற்கு யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கொதித்த தானியச் சாற்றை இரவில் மாடியறையில், ஆழமில்லாத அகலத் தொட்டியில் ஆறவிடுகிறார்கள். காற்றில் வருகிற நுண்ணுயிரியும் அந்தப் பழைய கட்டடத்தில் குடியிருக்கிறதும் தாமாக வந்து விழுந்து வேலையைத் தொடங்கும். கோடையில் வேண்டாத கிருமிகள் பெருகும் என்பதால் குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சுவது. பிறகு மரப்பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம்கூட. நான் பார்த்த கான்டியோன் என்ற ஆலை 1900-இலிருந்து நடக்கிறது. உத்தரத்தில் சிலந்திவலைகள். ஒட்டடை அடிக்க மாட்டார்களா என்று நினைத்தேன், பீப்பாயை மொய்க்கிற பழ ஈக்களை அந்தச் சிலந்திகள் பிடிக்கும் என்பதால் அவற்றை விட்டுவைத்திருக்கிறார்கள். இதை வீட்டில் சொல்லி ஒட்டடைக் கம்பிலிருந்து தப்பலாம் என்று பார்த்தேன், எடுபடவில்லை.

ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் குவேஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்துக் குமிழி தரும். இனிப்பே கிடையாது. புளிப்பு, சுரீர் என்று. கூடவே ஈரமான பழைய மரம், குதிரை லாயம் போல ஒரு நெடி. எழுத்தில் படித்தால் உனக்கு அருவருப்பாக இருக்கும். முதல் கிளாஸை நானும் பாதியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் என்னையறியாமல் அந்த ருசியைத் தேடினேன். நாக்கு ஏன் இப்படி என்னை ஏமாற்றுகிறது?

அங்கிருந்துதான் நோட்டு எழுதும் பழக்கம் வந்தது. ஒவ்வொரு பீருக்கும் இரண்டு வரி. புத்தகங்களில் போடுகிற பழப்பெயர்கள் எனக்கு ஒட்டவில்லை, சொந்தமாகத் தேடினேன். "நனைந்த கோணி", "புது நோட்டுப் புத்தகம்", "துருப்பிடித்த ஆணி", "தாத்தாவின் மரப்பெட்டி". சொல் கிடைக்கும்வரை வாயில் ஏதோ ஒன்று என்றுதான் இருக்கிறது, கிடைத்ததும் ருசி பிரிந்து தெரிகிறது. நம் அறுசுவைக் கணக்கு ரொம்பவே கைகொடுத்தது. ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் கடைசியாக நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அதற்குத் துவர்ப்பு என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். உவர்ப்புகூட உண்டு, லைப்சிக்கில் கோஸ் என்ற பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுகிறார்கள். கார்ப்புதான் இன்னும் அகப்படவில்லை.

ஸ்டவுட் என்றதும், அது மிகக் கடுமையானது என்று நாம் பயந்தது நினைவிருக்கிறதா? டப்ளினின் பேர்போன ஸ்டவுட்டான கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், பல மஞ்சள் லாகர்களைவிடக் குறைவு. நிறம் வறுத்த பார்லியால் வருவது. பட்டுப் போல வழுக்குவது நைட்ரஜன் வாயுவின் சிறு குமிழிகளால். ஊற்றியதும் ஓரத்துக் குமிழிகள் கீழ்நோக்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். நடுவில் மேலேறும் பீர் கண்ணாடி ஓரமாகத் திரும்பி இறங்கும்போது அவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது.

அமெரிக்க ஐபிஏ, அதாவது அந்த இந்தியா பேல் ஏலின் அமெரிக்க வடிவம், எனக்கு ஒத்துவரவில்லை. 1972-இல் வெளிவந்த கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகைக்குப் பப்ளிமாஸ் தோல் போன்ற வாசம். அளவாகப் போட்டால் அருமைதான். ஆனால் இப்போது யார் அதிகம் கசக்க வைப்பது என்று போட்டி நடக்கிறதோ என்று தோன்றுகிறது. கஷாயம் குடித்த கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு முடித்தேன்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் கேள். அழகான பச்சை பாட்டில் ஒன்றை ஜன்னலோரம் அலங்காரமாக வைத்திருந்தேன், ஒரு மாதம். திறந்தால் ரப்பர் எரிந்த நாற்றம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, கந்தகம் கலந்த நாற்றப்பொருளாக மாறிவிடுமாம். பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. அதையும் செடிக்குத்தான் ஊற்றினேன், பழைய பழக்கம்.

நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், ரத்த அழுத்த மாத்திரை தொடர்கிறது, டாக்டரிடமும் மறைக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், சிறிய கிளாஸ் ஒன்று, அதையே ஒரு மணி நேரம் இழுப்பேன். வெறும் வயிற்றில் இல்லை, மறுநாள் வண்டி ஓட்டும் வேலை இருந்தால் அதுவும் இல்லை. நீ சர்க்கரைக்காக விட்டுவிட்டாய் என்று தெரியும். உன்னைக் கெடுக்க இதை எழுதவில்லை. அடுத்த மாதம் வரும்போது மோந்து மட்டும் பார், போதும்.

அதற்காகவே பிரஸ்ஸல்ஸிலிருந்து கொண்டுவந்த குவேஸ் ஒன்றைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். பல வருடம் தாங்கும். இருட்டில் இருக்க வேண்டுமே என்று பீரோவில் என் கல்யாணப் பட்டுச்சட்டைக்கு அடியில் வைத்தேன். போன வாரம் வீட்டம்மா கண்டுபிடித்து, "இந்தச் சட்டைதான் இப்போ உங்களுக்கு ஏறாதே, அதைத் தூக்கிப் போட்டுட்டு பாட்டிலை நேரா நிக்க வைங்க" என்று சொல்லிவிட்டாள்.

வரும் தேதியை முன்கூட்டியே எழுது. அந்தப் பாட்டிலை இரண்டு நாள் அசைக்காமல் நிறுத்திவைக்க வேண்டும், மண்டி அடியில் இறங்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைக்காரன்