காய் லோடு நேரமும் வாடகையும் மாறுவது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

நீலகிரியின் கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா, நஞ்சநாடு, இத்தலார் பக்கமிருந்து எங்கள் லாரிகளில் காய் அனுப்பும் விவசாயிகளுக்கும், மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் அதை இறக்கிக்கொள்ளும் மண்டிக்காரர்களுக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மூட்டைகள் மாலை 3 மணிக்குள் ரோட்டோரம் வந்துவிட வேண்டும். வண்டியின் அனுமதி எடைக்கு மேல் ஒரு மூட்டைகூட ஏறாது. வாடகை மூட்டைக்கு 2 ரூபாய் கூடுகிறது. டீசலுக்காக ஏற்றுகிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் டிரைவர்களுக்காகத்தான் இந்த முடிவு. அதை விளக்கமாகச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

கனரக வண்டி ஓட்டுகிறவர் எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டும் என்று வெளியே பலருக்குத் தெரியாது. இலகுரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆக வேண்டும். பயிற்சிப் பள்ளிச் சான்று வேண்டும். 5 வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். எங்களிடம் கேஸ் சிலிண்டர் லோடு ஓட்டுகிறவர்களுக்கு அதற்கு மேல் 3 நாள் அபாயப் பொருள் பயிற்சி. அந்த அனுமதி 3 வருஷம்தான் செல்லும். புதுப்பிக்கும்போது மறுபடியும் ஒரு நாள் வகுப்பு. வகுப்புக்குக் கீழே இறங்கிப் போகிற நாளில் டிரைவருக்கு டிரிப் இல்லை, பேட்டா இல்லை. பஸ் செலவும் சாப்பாடும் அவர் கைக்காசு.

பயிற்சியே வேண்டாம் என்று எங்கள் டிரைவர்கள் யாரும் சொல்லவில்லை. தீப்பிடித்தால் என்ன செய்வது, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் உயிர் காக்கும் பாடம். அவர்கள் மனம் நோவது வேறு இடத்தில். "காலையில இருந்து உட்கார்ந்து கேட்டேங்க. மலையில லோடு வண்டி இறக்குறதைப் பத்தி ஒரு வார்த்தை வரலைங்க" என்றார், எங்களோடு நெடுநாளாக இருக்கும் ஒரு டிரைவர்.

குன்னூர் தாண்டி பர்லியாறு வழியாகக் கல்லாறு வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்து, என்ஜின் பிடிப்பிலேயே வண்டியை இறக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறும், லைனிங் கருகி வாடை அடிக்கும், பிறகு முழுதாக மிதித்தாலும் வண்டி நிற்காது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர் தன் உயிரோடு அடுத்தவர் உயிரையும் பணயம் வைக்கிறார். மேலே ஏறும் பஸ்ஸுக்குத்தான் முதல் வழி. அதற்காக வளைவுக்கு முன்பே லோடு வண்டியை நிறுத்திப் பிடிக்கத் தெரிய வேண்டும். பனி இறங்கினால் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி ஓட்டுகிறார்கள். இதை எல்லாம் கிளீனராக இருந்த காலத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றார்கள். இப்படிப்பட்ட பாடத்தை மலையிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தால், எங்கள் ஆட்கள் முதல் வரிசையில் போய் உட்காருவார்கள்.

அடுத்தது எடை. மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அபராதத்தை நாங்கள் கட்டிவிடலாம், லைசென்ஸ் டிரைவருடையது. கூடுதல் பாரத்துக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே சொல்லிவிட்டது. அந்தக் காலம் முடிந்தாலும் மறுபயிற்சி வகுப்பை முடித்தால்தான் லைசென்ஸ் கைக்குத் திரும்பும் என்கிறது சட்டம். "ரெண்டு மூட்டைதானே, போட்டுக்கோப்பா" என்று நீங்கள் உரிமையோடு சொல்வது அவருடைய மூன்று மாதச் சோற்றைப் பறித்துவிடும். கழுவிய கேரட்டைத் தண்ணீர் வடியும் முன் மூட்டை கட்டினாலும் எடை ஏறுகிறது. தயவுசெய்து வடிய விட்டுக் கட்டுங்கள்.

2024 ஜனவரி தொடக்கத்தில் நாடெங்கும் லாரிகள் நின்றது நினைவிருக்கும். விபத்து நடந்ததும் தகவல் சொல்லாமல் போய்விடும் டிரைவருக்கு 10 வருஷம் வரை சிறை என்ற, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(2)-ஐ எதிர்த்து எழுந்த போராட்டம் அது. அதே ஆண்டு ஜூலை 1-ல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் அரசு நிறுத்திவைத்தது. அச்சம் இன்னும் போகவில்லை. நின்றால் கூட்டம் அடிக்கும், நகர்ந்தால் சிறை என்கிறார்கள். புதிதாக இந்த வேலைக்கு வரப் பையன்கள் தயங்குகிறார்கள். இருக்கிறவர்களையாவது நாம் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அதனால் வகுப்பு நாளுக்கும் முழுச் சம்பளமும் பேட்டாவும் கொடுக்கப் போகிறோம். கூடுதல் 2 ரூபாய் அதற்கே போகும். 3 மணிக்குள் மூட்டை வந்தால் இருட்டும் பனியும் சேரும் முன் வண்டி குன்னூரைத் தாண்டிவிடும். மறுநாள் காலை ஏலத்துக்குக் காய் தவறாது.

வகுப்புக்காக வண்டி குறையும் நாட்களை முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவோம். கூடுதல் மூட்டை இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள், இன்னொரு வண்டி அனுப்புகிறோம். நேரமோ எடையோ வாடகையோ, எதில் மனத்தாங்கல் இருந்தாலும் லோடு ஏற்றும் இடத்தில் டிரைவரிடம் கேட்காமல் ஆபீஸுக்கு வாருங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லாரி சர்வீஸ்,
கேத்தி பாலாடா